லேட்டு, லீவு, அரைநாள் கட்: டைம் ஆபீஸ் ஜன்னலில் கேட்ட கேள்விகள்

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் ஷாப்பிலுமாக, வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்தே என் காலம் போய்விட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர். 7-ஆம் தேதி சம்பளம் போட்டால் 8-ஆம் தேதி வரிசை நிற்கும். ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமும் 1936-ஆம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும்தான் இத்தனை நாள் இந்த விஷயங்களுக்கு ஆதாரம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. எது மாறியதோ அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். லேட்டு, அபராதம் இரண்டிலும் பெரிய மாற்றம் இல்லை.

ஷிப்டு எட்டரைக்கு. நான் எட்டு நாப்பதுக்கு பஞ்ச் வெச்சேன். அரைநாள் கட் பண்ணிட்டாங்க. பண்ணலாமா சார்?

பண்ணக்கூடாது. எவ்வளவு நேரம் வேலையில் இல்லையோ அந்த நேரத்துக்கு உண்டான கூலியைத்தான் பிடிக்கலாம். பழைய சட்டமும் இதைத்தான் சொன்னது, புதிய ஊதியத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 13,000 ரூபாய், 26 வேலை நாள் என்றால் நாளுக்கு 500. எட்டு மணி நேர வேலைக்கு, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. பத்து நிமிடத்துக்கு 10 ரூபாய் 42 காசு. பிடித்தது 250. அதாவது ஏறக்குறைய 240 ரூபாய்க்கு உங்களிடம் வேலையை வாங்கிக்கொண்டு கூலி தரவில்லை.

கேட்டிலேயே நிறுத்தி, "மதியம் வா" என்று திருப்பி அனுப்பியிருந்தால் கதை வேறு. அரைநாள் நீங்கள் வேலையே செய்யவில்லை, அதனால் அரைநாள் போகும். எத்தனை நிமிடத்துக்கு மேல் லேட்டானால் திருப்பி அனுப்பலாம் என்பது கம்பெனியின் நிலையாணையில், அதாவது சான்று வாங்கிய வேலை விதிகளில், எழுதியிருக்க வேண்டும். வாட்ச்மேன் அன்றைக்கு இருக்கும் மனநிலையைப் பொறுத்தது அல்ல.

மூணு லேட்டுக்கு ஒரு நாள் ஈ.எல் கழிக்கறாங்க. அது சம்பளத்துல கை வெக்கலியே, அது சரிதானே?

ஈ.எல் என்பது வேலை செய்த நாளுக்குச் சேரும் சம்பள லீவு, அதுவும் காசுதான். மேலே போட்ட கணக்கில் மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் என்றால் 31 ரூபாய் சொச்சம். அதற்கு 500 ரூபாய் பெறுமான ஒரு நாளை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோமே" என்பார்கள். போர்டில் ஒட்டியதெல்லாம் நிலையாணை ஆகிவிடாது. சான்று பெற்ற நிலையாணையில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். நான் இருந்த ஓரிடத்தில் இதை ஒரு தையல் பிரிவு அம்மா கேட்டார். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த மாதம் அந்தக் கழிவும் வரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வாடிக்கையாக லேட்டாக வருவதை அரசின் மாதிரி நிலையாணைகள் ஒழுங்கீனம் என்றே சொல்கின்றன. மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரித்துத் தண்டனை கொடுக்கலாம். லீவைக் கழிப்பதைவிட அது பெரிய தலைவலி.

அப்போ அபராதமே போடக்கூடாதா?

போடலாம், கட்டுப்பாட்டோடு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியல் முன்கூட்டியே அனுமதி வாங்கி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 13,000-க்கு 390 ரூபாய். தவணை முறையில் பிடிக்கக்கூடாது, தவறு நடந்து 90 நாள் தாண்டினால் பிடிக்கவே கூடாது. அந்தப் பணம் முதலாளிக்கும் சேராது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். நான் பார்த்த ஒரு கம்பெனியில் அது வருடா வருடம் ஆயுத பூஜைப் பொரி கடலையாக வந்தது. அதையும் "நிர்வாகத்தின் அன்பளிப்பு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கம்பெனி பஸ்ஸே லேட்டு சார். நாங்க இன்னா பண்றது?

பஸ் கம்பெனியுடையது என்றால் லேட்டும் கம்பெனியுடையது. நல்ல டைம் ஆபீஸில் பஸ் வந்த நேரத்தை வழித்தடம் வாரியாக எழுதி வைப்பார்கள். அந்தப் பஸ்ஸில் வந்த யாருக்கும் லேட்டு விழாது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால், இறங்கியதும் நான்கு பேர் சேர்ந்து டைம் ஆபீஸில் சொல்லி எழுத வையுங்கள். சம்பள நாளில் வந்து "அன்னிக்கு பஸ் பஞ்சர்" என்றால் எனக்கு எப்படித் தெரியும்?

ரயில் லேட்டு வேறு. ஜோலார்பேட்டையிலிருந்தோ காட்பாடியிலிருந்தோ பாசஞ்சரில் வருகிறவர்களுக்குச் சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. நிமிடக் கணக்குக் கூலி போகும், அதற்கு மேல் போகக்கூடாது.

காலையில இருவது நிமிஷம் லேட்டு. சாயங்காலம் இருவது நிமிஷம் சேத்து உக்காந்து முடிச்சிட்டுப் போனேன். டேலி ஆயிடும்ல?

தானாக ஆகாது. மிஷினுக்குக் காலை லேட்டு தெரியும், மாலையில் நீங்கள் கேட் பக்கம் பேசிக்கொண்டு நின்றீர்களா, மிஷினில் உட்கார்ந்து தைத்தீர்களா என்று தெரியாது. சூப்பர்வைசர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வந்தால் டேலி செய்வோம். அவரே வேலை இருக்கிறது என்று ஷிப்டு நேரத்துக்கு மேல் நிறுத்தியிருந்தால் அது ஓவர்டைம், இரட்டைக் கூலி. அதை ஒற்றைக் கூலி லேட்டுக்கு ஈடுகட்டச் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு.

எனக்குக் கைரேகையே விழறதில்ல. ஆப்சென்ட்டுன்னு காட்டுது.

இது நம்ம பக்கத்து வியாதி. சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் டிரம்மிலும் வருடக்கணக்கில் கை வைத்தவர்களுக்கு விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஒரு பெரியவர் தினமும் காலையில் கட்டை விரலைச் சட்டையில் தேய்ப்பார், ஊதுவார், வைப்பார். மிஷின் "மீண்டும் முயற்சிக்கவும்" என்னும். பின்னால் நாற்பது பேர் வரிசை. கடைசியில் அவர்களும் லேட்டு.

மிஷின் பதியாதது உங்கள் தப்பு இல்லை. வேலை செய்ததற்குக் கூலி உண்டு. ஜன்னல் ஓரம் ஒரு நீள நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ரேகை விழாதவர்கள் பெயர், டோக்கன் நம்பர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் இடத்திலும் அதைக் கேளுங்கள், அல்லது முகம் பார்க்கும் மிஷின் வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் 11 நாளை மொத்தமாக ஞாபகத்தில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஒரு நாள் லீவு போட்டதுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் முழுசும் போச்சு. இது கட் இல்லியா?

மனசுக்குக் கட்டுதான், சட்டப்படிப் பெரும்பாலும் இல்லை. ஒரு நாளும் தவறாமல் வந்தால் கூடுதலாக இவ்வளவு என்று சொன்ன ஊக்கத்தொகை அது. நிபந்தனை நிறைவேறவில்லை, வரவில்லை. ஆனால் சம்பளச் சீட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அந்தத் தொகையையே "அட்டெண்டன்ஸ் போனஸ்" என்று பெயர் மாற்றி வைத்திருந்தால், அது போனபின் மிச்சம் நிற்பது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

எனக்கு வருஷத்துக்கு எத்தினி சி.எல்?

தொழிற்சாலைச் சட்டத்தில் சி.எல், அதாவது தற்செயல் விடுப்பு, என்று ஒன்று கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆலையில் வேலை செய்கிறவருக்குச் சட்டம் தருவது ஈ.எல், வார லீவு, பண்டிகை லீவு இவைதான். உடம்பு சரியில்லை என்றால் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு. சி.எல் கம்பெனி தருவது. நிலையாணையிலோ ஒப்பந்தத்திலோ 6 என்றால் 6, இல்லையென்றால் இல்லை.

நான் வேலூர்ல ஜவுளிக் கடையில கீறேன். எனக்கும் அப்படித்தானா?

உங்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி உடம்பு சரியில்லாததற்கு 12 நாள், நியாயமான சொந்தக் காரணத்துக்கு 12 நாள், ஒரு வருடம் முடித்தபின் ஆண்டு விடுமுறை 12 நாள், எல்லாம் சம்பளத்தோடு. கடையில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதும் 2021-இல் அதே சட்டத்தில் சேர்ந்தது.

ஈ.எல் எப்படிக் கணக்கு போடறீங்க? எனக்கு 13-ன்றீங்க, அவளுக்கு 14-ன்றீங்க.

ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். நீங்கள் 268 நாள், இருபதால் வகுத்தால் 13.4. அரைக்குக் குறைந்த பின்னம் தள்ளுபடி, 13. அவர் 271 நாள், 13.55. அரையும் அதற்கு மேலும் முழு நாளாகும், 14. மூன்று நாள் வேலை வித்தியாசம், ஒரு நாள் லீவு வித்தியாசம். திட்டு வாங்குவது நான்.

இதற்குத் தகுதியாகப் பழைய சட்டத்தில் வருடத்துக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். புதிய தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. நடுவில் மூன்று மாதம் ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். லே-ஆஃப் நாளும் (வேலை இல்லை என்று கம்பெனியே உட்கார வைத்த நாள்) பிரசவ விடுப்பும் தகுதிக் கணக்கில் சேரும், ஆனால் அந்த நாட்களுக்கு லீவு விளையாது.

எடுக்காத லீவில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குப் போகும். எழுதிக் கேட்டு, கம்பெனி மறுத்துவிட்ட லீவுக்கு அந்த 30 என்ற வரம்பு கிடையாது. வாயால் கேட்டு மறுத்ததற்கு ஆதாரம் ஏது? அதனால் தரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

சனிக்கிழமையும் திங்கக்கிழமையும் லீவு போட்டேன். நடுவுல ஞாயித்துக்கிழமையும் சேத்து மூணு நாள் ஈ.எல் எழுதிட்டாங்க.

தப்பு. ஈ.எல்லுக்கு நடுவிலோ முன்னாலோ பின்னாலோ வரும் விடுமுறை நாள் ஈ.எல்லில் சேராது. இரண்டு நாள்தான். கம்பெனியே தரும் சி.எல்லுக்கு அவர்கள் விதி வேறாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி சண்டை.

கெங்கையம்மன் சிரசுக்குக் கலெக்டர் லீவு விட்டாரு. நாங்க மட்டும் ஏன் வரணும்?

சிரசுத் திருவிழா நாளான வைகாசி 1-ஆம் தேதி குடியாத்தத்தில் யார் வேலைக்கு வருவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளி கல்லூரிக்கும்தான், தனியார் ஆலையைக் கட்டுப்படுத்தாது. ஆலைக்கு 1958-ஆம் வருடத் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள், மொத்தம் 9. அந்த ஐந்து எவை என்று வருட ஆரம்பத்தில் முடிவாகும். பொங்கல், ரம்ஜான், பக்ரீத், தீபாவளி என்று போய், மிச்சம் ஒன்றுக்குத்தான் இழுபறி. சிரசு வேண்டுமென்றால் அப்போதே பேச வேண்டும், மே மாதம் அல்ல. அந்த 9 நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியும் சம்பளத்தோடு மாற்று லீவும்.

மழை லீவும் இப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பள்ளிக்கூடத்துக்கு விட்ட லீவு ஷூ கம்பெனிக்கு இல்லை. பாலம் தாண்டி வரமுடியாதவர்களுக்கு லீவு எழுதினோம், ஒழுங்கீனம் என்று எழுதவில்லை. கம்பெனியே மின்சாரம் இல்லை, சரக்கு இல்லை என்று மூடினால் அது லே-ஆஃப். 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஒரு வருடம் முடித்தவர்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு.

எனக்கு ஓட்டு குடியாத்தத்துல, கம்பெனி ராணிப்பேட்டையில. இங்க எலெக்ஷன் இல்லன்னு லீவு தரமாட்டேன்றாங்க.

கேட்கக் கேள்வி சின்னதாக இருக்கும், 2019-இல் நிஜமாகவே வந்தது. அந்த வருடம் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்து ஆகஸ்ட் 5-ஆம் தேதி தனியாக நடத்தினார்கள். ராணிப்பேட்டை அரக்கோணம் தொகுதியில் இருப்பதால் அங்கே ஏப்ரல் 18-லேயே முடிந்துவிட்டது. ஆம்பூர், குடியாத்தம்காரர்களோ ஏப்ரலில் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒரு தடவை, ஆகஸ்டில் மக்களவைக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை மை வைத்துக்கொண்டார்கள்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தரச் சொல்கிறது. பார்க்க வேண்டியது உங்கள் ஓட்டு எங்கே என்பதை. ஆலை எங்கே என்பதை அல்ல. அந்த ஆகஸ்ட் 5 அன்று எங்கள் ஆலை ஓடியது, வேலூர் தொகுதி வாக்காளர் அட்டை காட்டியவர்களுக்கு மட்டும் லீவு எழுதினோம்.

ஜுரம் வந்து நாலு நாள் வரல. சி.எம்.சி-ல காட்டி சீட்டு வாங்கியாந்தேன். சம்பளம் வருமா?

கம்பெனி தராது, சி.எல்லுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ தரும். அதற்கு ஈஎஸ்ஐ மருந்தக டாக்டரின் சான்று வேண்டும். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டாக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு சீக்கிரமாக உங்கள் மருந்தகத்துக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.

ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, அதனால் உங்கள் நாலு நாளில் இரண்டு நாளுக்குத்தான் வரும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றால் பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள், முழுக் கூலி. இத்தனை வருடத்தில் அந்த 7 நாளைக் கேட்டு என் ஜன்னலுக்கு வந்த ஆண் ஒருவர்கூட இல்லை.

பிரசவத்துக்குப் போனா வேலை இருக்குமா? பஸ்ல கூட வர்றவங்க பயமுறுத்தறாங்க.

இருக்கும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். மூன்றாவதுக்கு 12 வாரம். கரு கலைந்துவிட்டால் 6 வாரம். ஈஎஸ்ஐ உள்ளவர்களுக்குப் பணம் அங்கிருந்து முழுக் கூலியாக வரும். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அந்த இரண்டு இடைவேளைக்கு யாராவது "லேட்டு" எழுதினால் என் முதல் பதிலைக் காட்டுங்கள்.

எட்டு நாள் சொல்லாம வரலன்னா வேலை தானா போயிடும்னு சூப்பர்வைசர் சொல்றாரு.

பாதி உண்மை. லீவு முடிந்து எட்டு நாளுக்குள் வந்து காரணம் சொல்லாவிட்டால் வேலையின் மேல் உள்ள உரிமை போகும் என்று மாதிரி நிலையாணைகளில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மட்டும் காட்டிப் பெயரை அடித்துவிட முடியாது. நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் விளக்கம் கேட்டு, விசாரித்துத்தான் நீக்க வேண்டும் என்று 1993-இல் டி.கே.யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தத் தொழிலாளியைப் பாதிச் சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

நடப்பில் என்ன ஆகும் என்றால், கம்பெனி உங்கள் பழைய முகவரிக்குப் பதிவுத் தபால் போடும். நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள். தபால் திரும்பி வரும், கவரைக்கூடப் பிரிக்காமல் கோப்பில் வைப்பார்கள். அந்தப் பிரிக்காத கவர்தான் பின்னால் "வாய்ப்புக் கொடுத்தோம்" என்பதற்குச் சாட்சி. வீடு மாறினால் டைம் ஆபீஸில் முகவரியை மாற்றுங்கள். தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், வாங்க மறுத்தால் அதுவும் உங்களுக்கு எதிராகவே போகும்.

நான் வாய்ல சொல்லிட்டுத்தான் போனேன். அவரும் சரின்னாரு. இப்போ தெரியாதுன்றாரு.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு லைனில் 60 பேர், எல்லோரும் நடந்துகொண்டே சொன்னால் அவருக்கு நினைவிருக்காது. லீவு சீட்டு இல்லையா, வாட்ஸ்ஆப்பில் "தங்கச்சி நிச்சயம், நாளை, நாளன்னிக்கு வரமாட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். திடீர்ச் சாவு, ஆஸ்பத்திரி என்றால் போய்ச் சேர்ந்தபின் போட்டாலும் போதும்.

பத்துப் பன்னண்டு பேர் சேந்து ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எட்டு நாள் சம்பளம் புடிப்போம்னு மிரட்டறாங்க.

அப்படி ஒரு பிரிவு நிஜமாகவே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பும் இல்லாமல், நியாயமான காரணமும் இல்லாமல் வராவிட்டால் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம். அது வேலைநிறுத்தத்தை நினைத்து எழுதியது, கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்தை நினைத்து அல்ல. தனித்தனியாக லீவு சீட்டு கொடுத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே நாளில் ஒரு லைன் முழுக்கக் காலியானால் சூப்பர்வைசருக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர்லயே நின்னுட்டேன். வருஷம் முடியல, லீவு காசு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.

வேலையை விட்டவருக்குத் தகுதி நாள் நிறைவேற வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தாது. அதுவரை வேலை செய்த நாளை இருபதால் வகுத்து, மிச்ச லீவுக்குக் காசு தர வேண்டும். 180 நாள் என்றால் 9 நாள், நாளுக்கு 500 வீதம் 4,500 ரூபாய். போன வருடத்திலிருந்து கொண்டுவந்த ஈ.எல் இருந்தால் அதுவும் சேரும். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். எழுதிக் கேட்டும் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். போகும்போது சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், லீவு கேட்ட வாட்ஸ்ஆப் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.